வீட்டுக்குள் டவர் இல்லையா? வைஃபை காலிங் போட்டுப் பேசும் வழி

போன் மணி அடித்ததும் எழுந்து வாசலுக்கு ஓடுகிற வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. “ஹலோ, கேக்குதா? இருங்க, வெளியே வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள். அபார்ட்மென்ட்டின் தரைத்தளம், ஜன்னல் இல்லாத உள்ளறை, பேஸ்மென்ட்டில் இருக்கும் கடை, மலையின் மறுபக்கம் அமைந்துவிட்ட எஸ்டேட் குடியிருப்பு என்று பல இடங்களில் டவர் கிடைப்பது குதிரைக்கொம்புதான். ஆனால் அதே வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும். டிவியில் கிரிக்கெட் தடங்கல் இல்லாமல் ஓடும்.

இதற்கான வழி உங்கள் போனிலேயே இருக்கிறது. பெயர் வைஃபை காலிங். தனி ஆப் வேண்டாம், புது நம்பர் வேண்டாம், கூடுதல் கட்டணமும் கிடையாது. பல போன்களில் அந்த சுவிட்ச் அணைந்தே கிடக்கிறது, அவ்வளவுதான். அதைப் போடுவது ஒரு நிமிட வேலை. போட்ட பிறகு பேச்சு தெளிவாகக் கேட்குமா என்பது வேறு விஷயம். அது போனைவிட வீட்டு ரூட்டரைத்தான் அதிகம் பொறுத்தது. கடையில் போன் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். அதனால் ரூட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

வாட்ஸ்அப் காலும் இதுவும் ஒன்றா?

இல்லை. வாட்ஸ்அப்பில் பேச வேண்டுமென்றால் எதிர்முனையில் இருப்பவரிடமும் வாட்ஸ்அப் இருக்க வேண்டும், அவருடைய நெட்டும் ஆனில் இருக்க வேண்டும். வைஃபை காலிங்கில் அந்தக் கவலையே இல்லை. வழக்கமாக நம்பர் அழுத்தும் அதே டயலரில்தான் அழுத்துகிறீர்கள். எதிரே பட்டன் போன் இருக்கலாம், வங்கியின் லேண்ட்லைன் இருக்கலாம், கேஸ் புக்கிங் நம்பர் இருக்கலாம். அவர்களுக்கு உங்கள் பழைய நம்பர்தான் திரையில் தெரியும். உங்களுக்கு வரும் அழைப்பும் அப்படித்தான். கேட்டில் நின்று கூரியர்காரர் கூப்பிட்டால் உள்ளறையில் இருக்கும் போனில் மணி அடிக்கும். இந்த ஒன்றுக்காகவே இதைப் போடலாம் என்பேன்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன் உங்கள் வைஃபை வழியாக இணையத்தில் ஏறி, சிம் நிறுவனத்தின் நுழைவாயிலாக இருக்கும் சர்வரைத் தேடிப் போகிறது. சிம்மில் உள்ள அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, நடுவே என்க்ரிப்ட் ஆன ஒரு பாதையைப் போட்டுக்கொள்கிறது. பேச்சு முழுக்க அந்தப் பாதைக்குள்தான் போகும். டவருக்குக் கீழே நிற்கிற போனையும் இப்படி வைஃபையில் வந்து நிற்கிற போனையும் நிறுவனத்தின் நெட்வொர்க் ஒன்றுபோலவே நடத்துகிறது. ஆகவே ஹோட்டல் வைஃபையிலோ நண்பர் வீட்டு வைஃபையிலோ பேசினாலும், அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் உங்கள் பேச்சை நடுவில் பிடித்துக் கேட்க முடியாது. (நாம் கத்திப் பேசுவதைப் பக்கத்து மேஜைக்காரர் கேட்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் பொறுப்பாகாது.)

இந்தியாவில் இது அப்படியொன்றும் பழைய வசதி இல்லை. ஏர்டெல் 2019 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் தொடங்கியது. ஆரம்பத்தில் அவர்களுடைய சொந்த ஃபைபர் இணைப்பில் மட்டும்தான் வேலை செய்தது, பிறகு எல்லா வைஃபைக்கும் திறந்துவிட்டார்கள். ஜியோ 2020 ஜனவரியில், எந்த வைஃபையாக இருந்தாலும் சரி என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கடைசியில் வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனம் சில தொலைத்தொடர்பு வட்டங்களில் தொடங்கியது. கடைசியாக பி.எஸ்.என்.எல்.லும் வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் முன்பே, 2018-ல், சிம் இல்லாமல் ஆப் வழியாகப் பேசும் ‘விங்ஸ்’ என்ற சேவையை ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்குத் தந்தது பி.எஸ்.என்.எல்.தான். ஆனால் அதற்குத் தனி நம்பர், தனி ஆப். வைஃபை காலிங்கில் இரண்டுமே தேவையில்லை.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவுக்குள் பேசும்போது உங்கள் ரீசார்ஜ் பிளானில் உள்ள சாதாரண அழைப்பாகவே இது கணக்காகும். அன்லிமிடெட் என்றால் இதுவும் அன்லிமிடெட். ஆனால் பிளான் காலாவதியான சிம்மிலிருந்து வைஃபை காலிங் வைத்து யாரையும் கூப்பிட முடியாது. “வைஃபைதான் இருக்கே, ரீசார்ஜ் எதுக்கு?” என்று விட்டுவிட்டால் டயலர் மௌனமாகிவிடும். இணையச் செலவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. வீட்டு பிராட்பேண்டில் அதை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் போன். கடந்த நாலைந்து வருடங்களில் இந்தியாவில் வாங்கிய ஸ்மார்ட்போன் என்றால் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும். சந்தேகமாக இருந்தால் சிம் நிறுவனத்தின் இணையதளத்தில் எந்தெந்த மாடல்களில் வேலை செய்யும் என்ற பட்டியலைப் பாருங்கள்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வாங்கி வந்த போனில் நம் சிம்மைப் போட்டால் கால் போகும், நெட் வரும், ஆனால் வைஃபை காலிங் சுவிட்ச் மட்டும் கண்ணிலேயே படாது. ஒவ்வொரு சிம் நிறுவனத்துக்கும் ஏற்ற அமைப்புகளைப் போன் தயாரிப்பாளர் மென்பொருளுக்குள் சேர்த்திருக்க வேண்டும். வேறு நாட்டுக்கான மென்பொருளில் நம்மூர் நிறுவனங்களின் அமைப்பு சில சமயம் இருக்காது. போன் பழுது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மென்பொருளை அப்டேட் செய்து பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் அந்தப் போனில் வராது என்று விட்டுவிடுவதே நல்லது. நட்சத்திரமும் ஹேஷும் கலந்த ரகசியக் கோடுகளை அழுத்தினால் சுவிட்ச் தெரியும் என்று யூடியூபில் நிறையப் பேர் சொல்கிறார்கள். சில மாடல்களில் அது உண்மைதான். ஆனால் சுவிட்ச் தெரிவதும் சேவை கிடைப்பதும் ஒன்றல்ல. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது சிம். பல வருடங்களாக மாற்றாமல் வைத்திருக்கும் 3ஜி காலத்து சிம் என்றால் கடைக்குப் போய் 4ஜி அல்லது 5ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள், நம்பர் மாறாது. போகும்போது ஆதாரைக் கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, வோல்ட்டி. 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வசதி அது. செட்டிங்ஸில் சில போன்களில் ‘4ஜி காலிங்’ என்றும் இருக்கும். வைஃபை காலிங்கும் வோல்ட்டியும் ஒரே அடித்தளத்தில் நிற்பவை. வோல்ட்டியை அணைத்து வைத்துக்கொண்டு வைஃபை காலிங் வரவில்லையே என்று தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது?

குறுக்கு வழி இதுதான்: செட்டிங்ஸைத் திறந்து, மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ‘வைஃபை காலிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பத்தில் எட்டுப் போன்களில் நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். விடவில்லையென்றால் கீழே சொல்வதைப் பாருங்கள். மென்பொருள் பதிப்பைப் பொறுத்துப் பெயர்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ‘போன்’ என்பதைத் திறந்தால் ‘வைஃபை காலிங்’ தெரியும். ஐஓஎஸ் 18 வந்த பிறகு ‘போன்’ என்பதே செட்டிங்ஸின் அடியில் இருக்கும் ‘ஆப்ஸ்’ பட்டியலுக்குள் போய்விட்டது. அதனால் பழைய வீடியோவைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது. ‘வைஃபை காலிங் ஆன் திஸ் ஐபோன்’ என்று இருப்பதை ஆன் செய்தால், இருப்பிட விவரம் நிறுவனத்துக்கு அனுப்பப்படலாம் என்று ஒரு அறிவிப்பு வரும். ‘எனேபிள்’ கொடுங்கள்.

சாம்சங்கில் டயலரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ் போனால் ‘வைஃபை காலிங்’ இருக்கும். செட்டிங்ஸில் ‘கனெக்ஷன்ஸ்’ பக்கத்திலும் அதே சுவிட்ச் உண்டு.

ஷவோமி, ரெட்மி, போக்கோ போன்களில் செட்டிங்ஸ், அதற்குள் ‘சிம் கார்ட்ஸ் அண்ட் மொபைல் நெட்வொர்க்ஸ்’, அதில் உங்கள் சிம்மைத் தொட்டால் ‘மேக் கால்ஸ் யூசிங் வைஃபை’ என்று நீட்டி எழுதியிருப்பார்கள். விவோ, ஓப்போ, ரியல்மீ எல்லாவற்றிலும் மொபைல் நெட்வொர்க் பக்கத்தில் சிம்மைத் தொட்டால் கிடைத்துவிடும். பிக்சலில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, பிறகு ‘சிம்ஸ்’.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் கவனிக்க: சுவிட்ச் ஒவ்வொரு சிம்முக்கும் தனி. முதல் சிம்மில் போட்டுவிட்டு இரண்டாவதில் ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சில போன்களில் சுவிட்சுக்குக் கீழே ‘காலிங் ப்ரிஃபரன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். வைஃபைக்கு முன்னுரிமையா, மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமையா என்று கேட்கும். வீட்டுக்குள் டவர் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று தள்ளாடினால் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் போன் அந்த ஒரு புள்ளியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், வைஃபை பக்கம் வரவே வராது. டவர் நன்றாக இருக்கும் வீட்டில் மொபைல் நெட்வொர்க்கையே முன்னால் வையுங்கள். ‘வைஃபை ஒன்லி’ என்று மூன்றாவதாக ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். தெருவில் இறங்கியதும் போன் செத்தது போலாகிவிடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க

சுவிட்சைப் போட்டதும் மேலே உள்ள பட்டையில் அடையாளம் மாற வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘வோவைஃபை’ (வைஃபை காலிங்கின் இன்னொரு பெயர்) என்ற ஆங்கில எழுத்துகளோ, போன் ரிசீவரும் வைஃபை அலையும் சேர்ந்த ஒரு சின்னமோ வரும். ஐபோனில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைஃபை என்று சேர்ந்து வரும். இரண்டு சிம் உள்ள ஐபோனில் கன்ட்ரோல் சென்டரை இழுத்தால்தான் தெரியும். முதல் தடவை பதிவாகக் கொஞ்ச நேரம் ஆகலாம். போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் சீக்கிரம் வந்துவிடும்.

அடையாளத்தை மட்டும் நம்பாமல் உறுதியாகத் தெரிந்துகொள்ள நல்ல சோதனை ஒன்று இருக்கிறது:

1. ஃப்ளைட் மோடை ஆன் செய்யுங்கள். டவர் புள்ளிகள் மறைந்துவிடும்.
2. அந்த நிலையிலேயே வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள்.
3. அரை நிமிடம் பொறுத்து, வைஃபை காலிங் அடையாளம் வந்ததும் யாரையாவது கூப்பிடுங்கள்.
4. பேசி முடித்ததும் அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். சிலருக்கு வெளியே போகும் கால் போகும், உள்ளே வருவது வராது. இரண்டும் பார்த்தால்தான் சோதனை முடிந்தது.

ஃப்ளைட் மோடில் டவரோடு எந்தத் தொடர்பும் இல்லை. அப்போதும் கால் போகிறது என்றால் அது முழுக்க வைஃபையில்தான் போகிறது. சோதனை முடிந்ததும் ஃப்ளைட் மோடை மறக்காமல் அணையுங்கள்.

மறந்தால் என்ன ஆகும் என்பது வயதானவர்களின் போனில்தான் நன்றாகத் தெரியும். அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பீர்கள். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும். அவர் கோயிலுக்குப் போனதும் “சுவிட்ச் ஆஃப்” என்று வரும். வைஃபை எல்லைக்கு வெளியே ஃப்ளைட் மோடில் இருக்கும் போனுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வழி கிடையாது. “மேலே பிளேன் படம் தெரியுதாம்மா? அதைத் தொட்டு அணைச்சிடுங்க” என்று சொல்லலாம்தான், ஆனால் அதைச் சொல்லவே அவர் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டுமே. இதே மாதிரி, விரல் பட்டு வைஃபை அணைந்துபோவதும் சகஜம். மேல் பட்டையை இழுத்தால் எந்தப் பொத்தான் எப்படி ஒளிர வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து, ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நூறு தடவை போனில் விளக்குவதைவிட அது வேலை செய்யும்.

பேச்சு விட்டு விட்டுக் கேட்டால்

இனி ரூட்டர். குரல் அழைப்புக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை. நொடிக்கு 100 கிலோபிட் கிடைத்தாலே பேசிவிடலாம். எனவே கால் சரியில்லை என்று 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக ஏற்றினால் பணம்தான் போகும். குரலுக்கு வேண்டியது சீரான ஓட்டம். துண்டு துண்டாகப் போகும் பேச்சு எல்லாமே தாமதமில்லாமல், ஒரே இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லும் அளவு. அதற்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், “நீங்க சொல்லுங்க”, “இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க” என்பதுமாகப் பொழுது போகும். வீடியோ பார்க்கும்போது இது தெரியாது. வீடியோ கொஞ்சத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது, உயிரோட்டமான பேச்சை அப்படி இறக்கி வைக்க முடியாது.

பிரச்சினை எந்தப் பக்கம் என்று பேச்சை வைத்தே கண்டுபிடிக்கலாம். அவர் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் அவர் “உங்க குரல் வெட்டி வெட்டி வருது” என்கிறாரா? உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதையில் நெரிசல். கிளவுடுக்குப் படம் அனுப்பிக்கொண்டே இருக்கும் சிசிடிவி கேமரா, கல்யாண வீட்டு வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய போட்டோ பேக்கப், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள். ரூட்டரில் ‘க்யூஓஎஸ்’ என்ற வசதி இருந்தால் உங்கள் போனுக்கு முன்னுரிமை கொடுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் பெரும்பாலும் போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில்தான் கோளாறு.

ஃபைபர் போட வருபவர் கேபிள் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு வேலை முடிந்தது. உங்களுக்கு உள்ளறைவரை மூன்று சுவர், நடுவே ஒரு இரும்பு பீரோ. இரும்பு அலையைத் தடுக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பீரோவுக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்புறம், பரணின் மூலை ஆகிய இடங்களிலிருந்து ரூட்டரை வெளியே கொண்டுவாருங்கள். ஹாலின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியும். இன்னும் கொஞ்சம் கேபிள் இழுத்துத் தரும்படி முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அபார்ட்மென்ட்டில் அக்கம்பக்கத்து ரூட்டர் எல்லாமே அதில்தான் மோதிக்கொள்ளும். ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் அதில் 1, 6, 11 என மூன்றே மூன்று. ரூட்டர் இருக்கும் அறையில் பேசுகிறீர்களா, 5-ல் இணையுங்கள். இரண்டு சுவர் தாண்டியா, 2.4. தனிவீடாக இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம், 2.4 போதும்.

பெரிய வீட்டுக்கு ஒரு ரூட்டர் போதாது. உடனே எல்லோரும் சுவர் பிளக்கில் செருகும் சின்ன ரிப்பீட்டரை வாங்கிவிடுகிறார்கள். வீடியோவுக்கு அது பரவாயில்லை. குரலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் தாமதம் கூடும். மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலையில் மாற்றி அங்கே வைப்பது செலவும் குறைவு, பேச்சும் சுத்தம்.

வைஃபை முழுப் புள்ளி காட்டியும் அடையாளமே வரவில்லையென்றால் சங்கதி வேறு. வைஃபை காலிங் தன் பாதையை அமைக்க யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளை, அதாவது இணையத்தில் எண்ணிட்ட இரண்டு வாசல்களை, பயன்படுத்துகிறது. அலுவலகம், கல்லூரி விடுதி போன்ற இடங்களில் ஃபயர்வால் இவற்றை அடைத்து வைத்திருப்பது உண்டு. அங்கே நெட்வொர்க் அட்மினிடம் இந்த இரண்டு எண்களைச் சொல்லிக் கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும். வீட்டு ரூட்டரில் ‘ஐபிசெக் பாஸ்த்ரூ’ என்பது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரின் அட்மின் பக்க முகவரி அதன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. ஜியோஃபைபரில் 192.168.29.1. போனில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்க ‘பிரைவேட் டிஎன்எஸ்’ போட்டிருந்தால் அதையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

கரண்ட் போனால்

டவருக்கு ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் உண்டு. உங்கள் ரூட்டருக்கு? மின்சாரம் நின்றதும் வைஃபை நிற்கும், அதோடு காலும் நிற்கும். உள்ளறையில் டவர் சுத்தமாக இல்லாத வீட்டில் இது விளையாட்டு இல்லை. இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டரின் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் இணைப்பு கொடுத்துவிட்டு டிவி பாயின்ட்டை விட்டிருப்பார்கள், ரூட்டர் அங்கேதான் இருக்கும். லைனில் இருந்தாலும், இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்தில் ரூட்டர் அணைந்து மறுபடி எழும். ஃபைபர் விளக்கு பச்சையாகும்வரை பேச முடியாது.

ரூட்டருக்கென்றே சின்னதாக 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரூட்டரின் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒத்துப்போவதை மட்டும் வாங்குங்கள். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரூட்டர் தனி. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டால் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது.

பேசிக்கொண்டே வெளியே நடந்தால்

வீட்டில் தொடங்கிய கால், தெருவில் இறங்கியதும் தானாக 4ஜிக்கோ 5ஜிக்கோ மாறிக்கொள்ளும். காதில் ஒரு சின்னத் தடங்கல்கூடக் கேட்காமல் மாறுவதும் உண்டு. ஆனால் வெளியே 4ஜி இருந்தால்தான் இது நடக்கும். 2ஜி மட்டும் கிடைக்கும் இடத்தில் கால் துண்டாகும். வைஃபை ஒரு நூல் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும் கேட் பக்கம்தான் ஆபத்தான இடம். அங்கேயே நின்று பேசாமல் உள்ளே வந்துவிடுங்கள், இல்லையென்றால் வேகமாக வெளியே போய்விடுங்கள்.

எதற்கெல்லாம் இதை நம்பக் கூடாது

ஓடிபி விஷயத்தில் கவனம். வைஃபை காலிங் இருந்தால் எஸ்எம்எஸும் வைஃபையிலேயே வர வாய்ப்புண்டு, ஆனால் எல்லா நிறுவனத்திலும் எல்லாப் போனிலும் அப்படி இல்லை. ஃப்ளைட் மோடும் வைஃபையுமாக வைத்து, யாரையாவது ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். வந்தால் நிம்மதி. யுபிஐ ஆப்பைப் புதிதாகப் பதிவு செய்யும்போது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டியிருக்கும். அதை மட்டும் டவர் கிடைக்கும் இடத்தில், மொட்டை மாடியிலோ தெருவிலோ நின்று முடித்துவிடுவது உத்தமம்.

அவசர அழைப்பு இன்னும் முக்கியம். 112 அழுத்தினால் போன் முதலில் டவரைத்தான் தேடும். வைஃபை வழியாக அவசர அழைப்பு போய்ச் சேரும் என்றோ, போனாலும் உங்கள் இருப்பிடம் சரியாகத் தெரியும் என்றோ எண்ணிவிடாதீர்கள். வீட்டில் டவர் கிடைக்கும் ஒரு இடம், அது பின்கட்டோ மாடிப்படியோ, எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். 108-க்குப் பேசும்போது முகவரியையும் அடையாளத்தையும் நீங்களே வாயால் சொல்லுங்கள்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால்

ஒரு வீட்டில் ஒரு நிறுவனத்தின் டவர் செத்துக் கிடக்கும், இன்னொன்று நன்றாக எடுக்கும். நன்றாக எடுக்கும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, மற்றப் போனை அதில் இணைத்தால் வைஃபை காலிங் வந்துவிடும். இரண்டு சிம் உள்ள ஐபோன், பிக்சல் போன்ற சிலவற்றில் ஹாட்ஸ்பாட்கூட வேண்டாம். டவர் இல்லாத சிம்மின் காலை மற்ற சிம்மின் டேட்டா வழியாகவே அந்தப் போன் அனுப்பிவிடும். அதற்கு இரண்டு சிம்மிலும் வைஃபை காலிங் ஆனில் இருக்கட்டும்.

வெளிநாடு போகும்போது

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு வேலை செய்யாது, அப்படியானால் இந்திய சிம்மில் வைஃபை காலிங் போட்டு ஊருக்குப் பேசலாமா? சிம் நிறுவனமும் நீங்கள் இருக்கும் நாடும் அனுமதித்தால் பேசலாம். ஆனால் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ரோமிங் பேக் போட வேண்டியும் வரலாம். வைஃபையில் பேசினேன், அதனால் இலவசம் என்று நினைத்துக்கொண்டு பேசிவிட்டு, போஸ்ட்பெய்டு பில் வந்த பிறகு அதிர்ச்சி அடைவதில் பயனில்லை. விமானம் ஏறும் முன் கஸ்டமர் கேரில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த நாட்டில் வைஃபை காலிங் உண்டா, உள்ளே வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு எவ்வளவு, இந்தியாவுக்கு வெளியே போகும் அழைப்புக்கு எவ்வளவு. பதிலை எஸ்எம்எஸாகவோ மெயிலாகவோ அனுப்பச் சொல்லுங்கள்.

எதுவுமே பலிக்கவில்லையென்றால்

சுவிட்ச் தெரிகிறது, வைஃபை நன்றாக இருக்கிறது, ஆனாலும் அடையாளம் வரவில்லை. இந்த வரிசையில் செய்து பாருங்கள்: போனை அணைத்துப் போடுவது, சிம்மைக் கழற்றி மாட்டுவது, மென்பொருள் அப்டேட், கடைசியாக நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்வது. ரீசெட் செய்தால் சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும், பாஸ்வேர்டை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே சிம்மை, வைஃபை காலிங் ஏற்கெனவே ஓடும் இன்னொருவர் போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வந்தால் கோளாறு உங்கள் போனில். அங்கேயும் வரவில்லையென்றால் உங்கள் நம்பருக்கு நிறுவனத்தின் பக்கத்தில் சேவையைத் திறந்துவிடவில்லை.

அப்போது கஸ்டமர் கேரை அழைத்து “டவர் எடுக்கல” என்று ஆரம்பிக்காதீர்கள். டவர் புகார் என்று பதிவு செய்து, ஏரியாவில் வேலை நடக்கிறது என்று முடித்துவிடுவார்கள். “என் நம்பரில் வோல்ட்டியும் வைஃபை காலிங்கும் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா பாருங்கள், இன்னொரு போனிலும் இந்த சிம்மில் வரவில்லை” என்று சொல்லுங்கள். போன் மாடலையும் எந்த நிறுவனத்தின் வைஃபை என்பதையும் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். சொன்ன கெடுவுக்குள் சரியாகவில்லை, அல்லது சரியாகிவிட்டது என்று அவர்களாகவே மூடிவிட்டார்கள் என்றால், அதே எண்ணைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மெயில் அனுப்பலாம். அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் வட்டத்தின் பெயருக்குக் கீழே இருக்கும். தமிழ்நாட்டில் சென்னையையும் மற்ற ஊர்களையும் சில நிறுவனங்கள் இன்னும் தனித்தனியாகப் போட்டிருக்கும், சரியானதைப் பார்த்து அனுப்புங்கள்.